‘மறந்துவிடு’ என்று சொல்லாதீர்கள்

பிரெஞ்சு வழியில் படித்ததால் எனக்கு அறிமுகமானவர் மனநோய் மருத்துவர் பியர் ழானே (1859–1947). பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அவர் கவனித்த ஒரு பெண்ணை ‘இரேன்’ என்ற பெயரில் எழுதியிருக்கிறார். காசநோயில் கிடந்த தாய்க்கு இரவு பகலாகப் பணிவிடை செய்தவள் அவள். தாய் இறந்தபோது அழவில்லை. இறந்ததே நினைவில் இல்லை. ஆனால் அடிக்கடி தன்னை மறந்து, அந்த மரண இரவை அப்படியே நடித்துக் காட்டுவாள். ழானே பொறுமையாக முயன்று, நடந்ததை அவள் வாயாலேயே சொல்லவைத்தார். அதன்பிறகுதான் துக்கம் வந்தது, அழுதாள், நோயும் தணிந்தது.

நம் கரைக்கு அப்படியொரு நாள் 2004 டிசம்பர் 26. மாமல்லபுரம், கல்பாக்கம் என்று ஆழிப்பேரலை அடித்துப் போனது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகக் கடலோரத்துக்கு வந்து தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. மனதில் இருப்பதைக் கொட்டவிடுவது, குறுக்கிடாமல் காது கொடுப்பது, வேலையில் மனதைத் திருப்புவது, வழிபாடு ஆகியவை அதில் முக்கியம்.

நம் பெண்களுக்கு ஒப்பாரி இருந்தது. ஆண்களுக்கோ ‘ஆம்பளை அழலாமா?’ என்ற பேச்சுதான் கிடைத்தது. வெறுமனே அழுவதும் போதாது. அழுதபடியே நடந்ததைச் சொல்ல வேண்டும், கேட்க ஓர் ஆள் வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது அந்த நாளைப் பற்றிப் பேச்செடுத்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.