மறைமலைநகரின் எக்கோஸ்போர்ட்

எக்கோஸ்போர்ட் என்பது ஃபோர்டு நிறுவனம் செங்கல்பட்டு மாவட்டம் மறைமலைநகர் ஆலையில் 2013 முதல் 2022 வரை தயாரித்த சிறிய எஸ்.யூ.வி. வகைக் கார் ஆகும். நடுத்தரக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் வந்த இந்தக் கார், நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் எஸ்.யூ.வி.களுக்கு இந்தியாவில் பெரிய சந்தை உண்டு என்பதைக் காட்டியது. அதன் உற்பத்தி நின்றுவிட்டாலும் பல கார்கள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. தயாரிப்பு நின்ற வாகனத்தை எவ்வளவு காலம் பயன்படுத்த முடியும் என்பதையும், மின்சார வாகனங்களுக்கு உலகம் மாறிய வேளையில் ஒரு தொழில் நகரம் தவறவிட்ட வாய்ப்பையும் இதன் வரலாறு காட்டுகிறது.

ஆலையின் தோற்றம்

தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய மறைமலைநகர், சென்னையின் நெரிசலைக் குறைக்க ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி 1980-களில் உருவாக்கப்பட்ட துணை நகரமாகும். 1990-களின் நடுவில் மகிந்திராவுடன் கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குத் திரும்பிய ஃபோர்டு, முதலில் நாசிக்கில் எஸ்கார்ட் காரைத் தயாரித்தது. பின்னர் மறைமலைநகரில் சொந்த ஆலை அமைத்து, 1999-இல் ஐகான் காரை வெளியிட்டது. ஃபியஸ்டா, ஃபிகோ ஆகிய கார்களும் இங்கிருந்தே வந்தன. ஆண்டுக்கு 2 லட்சம் கார்களைத் தயாரிக்கும் திறன் பெற்ற ஆலையாக இது வளர்ந்தது.

காரின் அமைப்பு

எக்கோஸ்போர்ட்டின் முதல் தலைமுறை 2003-இல் பிரேசிலில் வெளிவந்தது. இரண்டாம் தலைமுறை 2012-இல் புதுதில்லி வாகனக் கண்காட்சியில் அறிமுகமாகி, 2013 ஜூனில் ரூ.5.59 லட்சம் தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது.

இதன் நீளம் 3,999 மில்லிமீட்டர். இந்த அளவுக்குக் காரணம் இந்திய வரி முறை. நான்கு மீட்டருக்கு உட்பட்டு, 1,200 சி.சி.க்குக் குறைந்த பெட்ரோல் என்ஜின் அல்லது 1,500 சி.சி.க்குக் குறைந்த டீசல் என்ஜின் கொண்ட கார்களுக்கு அப்போது கலால் வரி குறைவாக இருந்தது. 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், 1.5 லிட்டர் டீசல் ஆகிய இரண்டு என்ஜின்களும் இந்த வரம்புக்குள் அடங்கின. 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜினுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை.

தரையிலிருந்து 200 மில்லிமீட்டர் உயரமும், 550 மில்லிமீட்டர் ஆழ நீரைக் கடக்கும் என்ற நிறுவனத்தின் அறிவிப்பும், மழைக்காலத்தில் நீர் தேங்கும் சென்னைப் புறநகர்களில் இதற்கு மதிப்பைத் தேடித் தந்தன. மாற்றுச் சக்கரம் பின்கதவில் பொருத்தப்பட்டிருந்ததும், அக்கதவு பக்கவாட்டில் திறந்ததும் இதன் அடையாளங்கள். 2018 முதல் மறைமலைநகரில் தயாரான எக்கோஸ்போர்ட் அமெரிக்காவிலும் விற்கப்பட்டது.

இதன் வெற்றியே போட்டியாளர்களையும் கொண்டுவந்தது. மாருதி விட்டாரா பிரெஸ்ஸா (2016), டாடா நெக்ஸான் (2017), ஹூண்டாய் வென்யூ (2019) ஆகியவை அதே அளவில் வந்து சந்தையைப் பங்கிட்டுக்கொண்டன.

உற்பத்தி நிறுத்தம்

ஃபோர்டும் மகிந்திராவும் 2019 அக்டோபரில் அறிவித்த புதிய கூட்டு முயற்சி 2020 டிசம்பர் இறுதியில் கைவிடப்பட்டது. 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நட்டம் என்பது நிறுவனம் கூறிய காரணம். சுமார் 4,000 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டனர். நியாயமான இழப்பீடு கோரி மறைமலைநகர்த் தொழிலாளர்கள் 2022 மே இறுதியில் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏற்றுமதிக்கான கடைசி எக்கோஸ்போர்ட் 2022 ஜூலையில் ஆலையை விட்டு வெளியேறியது.

கைகூடாத மின்சாரத் திட்டம்

ஆலை மூடப்படும் நிலையிலும் ஒரு நம்பிக்கை எழுந்தது. மின்சார வாகனங்களை ஊக்குவிக்கும் மத்திய அரசின் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகைத் திட்டத்தில் ஃபோர்டின் விண்ணப்பம் 2022 பிப்ரவரியில் ஏற்கப்பட்டது. இந்திய ஆலை ஒன்றில் ஏற்றுமதிக்கான மின்சாரக் கார்களைத் தயாரிப்பது பற்றி ஆராய்வதாக நிறுவனம் கூறியது. ஆனால் மே மாதமே அந்த எண்ணம் கைவிடப்பட்டது.

ஃபோர்டின் பிற ஆலைகளோ வேறு பாதையில் சென்றன. குஜராத்தின் சாணந்த் ஆலையை டாடாவின் மின்சார வாகன நிறுவனம் ரூ.725.7 கோடிக்கு வாங்கியது. எக்கோஸ்போர்ட் முதன்முதலில் தயாரான பிரேசிலின் கமசாரி ஆலை வளாகம், சீன மின்சார வாகன நிறுவனமான பி.ஒய்.டி.யின் கைக்கு மாறியது. மறைமலைநகர் ஆலை மட்டும் பூட்டியே கிடந்தது.

இன்று எக்கோஸ்போர்ட் வைத்திருப்போர்

சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்கலாம். 2021-இல் வாங்கிய எக்கோஸ்போர்ட்டின் ஆர்.சி. 2036 வரை செல்லுபடியாகும் என்பதால், உற்பத்தி நின்ற பிறகும் பல ஆண்டுகளுக்கு உதிரிப் பாகங்கள் தேவைப்படும். சேவையும் பாகங்களும் தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது.

எண்ணெய் வடிகட்டி, பிரேக் பேட், பேட்டரி, டயர் போன்றவற்றை வெளிச்சந்தையில் வாங்கலாம். 1.5 லிட்டர் டீசல் என்ஜின் ஃபிகோ, ஆஸ்பயர் கார்களிலும் இருந்ததால் அதன் பாகங்களுக்குத் தேவை பரவலாக உள்ளது. முகப்பு விளக்கு, பின்கதவு, பம்பர், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவை இந்தக் காருக்கே உரியவை. விபத்தில் இவை சேதமானால் காத்திருக்க நேரலாம். அப்போது சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிப் பாகக் கடைகள் ஒரு மாற்று வழி. பழைய காராக இதை வாங்குவோர், அருகில் சேவை மையம் உள்ளதா என்பதையும் இப்பாகங்களின் நிலையையும் முதலில் பார்ப்பது நல்லது.

மின்சாரக் கார் என்றால்

விற்பனை நின்றது மின்சாரக் காராக இருந்தால் சிக்கல் வேறு வகையானது. மறைமலைநகருக்கு அதிகத் தொலைவில் இல்லாத இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையில் ஒன்றுசேர்க்கப்பட்ட கோனா எலக்ட்ரிக் இதற்கு உதாரணம். 2019 ஜூலையில் ரூ.25.30 லட்சத்துக்கு வந்த இந்த மின்சார எஸ்.யூ.வி.யின் விற்பனை 2024-இல் நிறுத்தப்பட்டது.

பெட்ரோல், டீசல் என்ஜினை அனுபவமுள்ள மெக்கானிக் பிரித்துச் சரிசெய்துவிடுவார். உயர் மின்னழுத்த மின்கலத் தொகுப்பும் அதை இயக்கும் மென்பொருளும் பெரும்பாலும் தயாரிப்பாளரையே நம்பியுள்ளன. கோனாவின் மின்கலத்துக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. முதலில் விற்ற கார்களுக்கு அது 2027-இல் முடியும். எனவே மின்சாரக் காரைப் பழையதாக வாங்குவோர் ஓடிய தூரத்தை மட்டுமன்றி, மின்கலத்தின் நிலையையும் மீதமுள்ள உத்தரவாதத்தையும் கேட்டறிய வேண்டும்.

ஆலையின் அடுத்த கட்டம்

தமிழ்நாடு முதலமைச்சரின் அமெரிக்கப் பயணத்தைத் தொடர்ந்து, மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக ஃபோர்டு 2024 செப்டம்பரில் தெரிவித்தது. 2025 அக்டோபர் 31 அன்று மாநில அரசுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. ரூ.3,250 கோடி முதலீட்டில், 2029 முதல் ஆண்டுக்கு 2.35 லட்சம் என்ஜின்களைத் தயாரிப்பதும், 600-க்கும் மேற்பட்டோருக்கு நேரடி வேலை அளிப்பதும் திட்டம். ஆலை திறக்கவிருப்பது நகருக்கு நற்செய்தி. ஆனால் அங்கிருந்து வரப்போவது முழுக் கார் அன்று, என்ஜின் மட்டுமே. வேலை வாய்ப்பும் முன்பு இருந்ததைவிடக் குறைவு.