தலைக்கணக்கும் குழாய்த் தண்ணீரும்

நால்வருக்கு உலை வைத்த வீட்டில் பத்துப் பேர் விருந்தாக வந்து நின்றால் இல்லத்தரசி மீண்டும் உலையேற்றிச் சமாளித்து விடுவாள். நகரசபைக்கு அது இயலுவதன்று. அணை கட்டவும் குழாய் பதிக்கவும் ஆண்டுகள் பல வேண்டும். ஆதலால், நாளை எத்தனை பேர் வாழ்வர் என்பதை அது இன்றே மதிப்பிட வேண்டியுள்ளது. அம்மதிப்பு பொய்த்தால் நேர்வது யாது? திருவனந்தபுரத்தின் வரலாற்றில் இதற்கு விடை காண்போம்.

1931-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நகரின் மக்கள் சுமார் 96,000 பேர். கிணறுகளும் குளங்களுமே அவர்களுக்குப் பெரிதும் நீர் வழங்கி வந்தன. 1933-இல் கரமனை ஆற்றின் நீரை அருவிக்கரையில் தேக்கி, வெள்ளையம்பலத்தில் வடிகட்டி, வீதிகளுக்கு அனுப்பும் திட்டம் நிறைவேறிற்று. அன்றைய வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1961-இல் நகரில் 1,35,000 பேர் இருப்பர் என்று கருதி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 கோடி லிட்டர் வழங்குமாறு பொறியியலார் அதனை அமைத்தனர்.

எண்ணியது ஒன்று, நடந்தது வேறொன்று. 1951-இலேயே நகரின் மக்கள் தொகை 1,86,000-ஐத் தாண்டிவிட்டது. வழங்கும் நீரின் அளவு மாறாதிருப்பின், தலைக்கு 148 லிட்டர் என்றிருந்த பங்கு 107 லிட்டராகக் குறைந்திருக்கும். பொறியியலாரைக் குறை கூறுதல் தகாது. 1937-இல் பல்கலைக்கழகம் தோன்றும் என்பதையோ, 1940-இல் நகரம் மாநகராட்சியாகும் என்பதையோ, 1949-இல் கொச்சியும் திருவிதாங்கூரும் இணையும் என்பதையோ அவர்கள் எவ்வாறு அறிவர்? அலுவலகங்கள் பெருகின, ஊழியர் பெருகினர், நகரின் எல்லையும் விரிந்தது.

இவ்வளர்ச்சியில் தமிழரின் பங்கும் உண்டு. திவான் ராஜா கேசவதாஸ் அமைத்த சாலைக் கடைவீதியில் தமிழ் வணிகர் நெடுங்காலமாகத் தொழில் புரிந்து வருகின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. முன்னாள் தலைநகரில் பிழைக்கச் சென்றிருந்த அத்தாலுக்காவினர், இருந்த இடத்திலிருந்து அசையாமலே, ஒரே நாளில் அயல் மாநிலத்தவராயினர். எனினும் அவர்கள் பிடிக்கும் குடத்தின் அளவு குறையவில்லை. நகரசபை அவர்களுக்கும் நீர் தர வேண்டியே இருந்தது.

பின்னர் 1983-இல் அருவிக்கரைக்கு மேலே பேப்பாறை அணை எழுந்து நீர்க்குறை ஓரளவு நீங்கிற்று. ஆயினும், மக்கள் பெருகினால் குப்பையும் பெருகுமன்றோ? 2000-ஆம் ஆண்டு முதல் நகரக் குப்பை விளப்பில்சாலை என்னும் சிற்றூரின் ஆலைக்குச் சென்றது. நாற்றமும் கழிவுநீரும் தாங்காத அவ்வூர் மக்கள் கிளர்ந்தெழவே, 2011 டிசம்பரில் ஆலை மூடப்பட்டது. நகரின் சுமையை அண்டை ஊரின் தலையில் இறக்குதல் தீர்வாகாது என்பது அப்போது தெளிவாயிற்று. மட்கும் குப்பையை வீட்டிலேயே உரமாக்கும் முறை அதன்பின் பரவலாயிற்று.

எண்ணிக்கை மட்டுமன்று, மக்களின் வயதும் தேவையை மாற்றுகின்றது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி கேரளத்தில் நூற்றுக்கு 12.6 பேர் அறுபது வயது நிரம்பியவர். இந்தியா முழுமைக்கும் அது 8.6. குழந்தைகள் குறைந்து முதியோர் பெருகும் இடத்தில், பள்ளிக்கூடத்தோடு வீடு தேடி வரும் தாதியும் வேண்டியவளாகின்றாள். 2008-இல் கேரள அரசு வகுத்த நோய்த்தணிப்புக் கொள்கை, இப்பணியை உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பில் சேர்த்தது.

பிறந்த ஊரை விட்டு வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு உணர்த்துவது என்ன? “நம் பெயர் சொந்த ஊரில் இருந்தால் போதும்” என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். நாம் நீர் குடிப்பதும் குப்பை கொட்டுவதும் வாழும் ஊரில். கணக்கில் இருப்பதோ வேறோர் ஊரில். பிறகு, குழாயில் நீர் வரவில்லையென்று வருந்துகிறோம். கணக்கில் இல்லாதவனுக்காக எந்த நகரசபையும் குழாய் பதிப்பதில்லை. ஆதலால், கணக்கெடுப்போர் நம் வாயிலுக்கு வரும் நாளில், குடும்பத்தினர் அனைவரின் பெயரையும் வாழும் ஊரிலேயே எழுதுவிப்போம். தாய்மொழி எது என்ற வினாவுக்குத் தமிழ் என்றே விடையளிப்போம். அதனால் நம் மொழிக்கும் குறைவில்லை. நாம் வாழும் ஊருக்கும் நன்மையுண்டு.