எட்டாம் நம்பர் வாழ்த்தும் மூன்று பொத்தான்களும்

கல்யாணத்துக்கு நேரில் போக முடியாதவர்கள் ஒரு காலத்தில் தந்தி ஆபீசுக்குப் போய் எட்டாம் நம்பரைச் சொல்வார்கள். அஞ்சல் தந்தித் துறை வாழ்த்துகளுக்கென்றே ஒரு பட்டியல் வைத்திருந்தது; ஒவ்வொரு வாசகத்துக்கும் ஓர் எண். எட்டு என்றால் மணமக்கள் நெடுங்காலம் மகிழ்ச்சியாக வாழட்டும் என்ற பொருளில் ஒரு வரி. கம்பியில் போவது எண் மட்டும்தான். மறுமுனையில் இருப்பவர் பட்டியலைப் பார்த்து அதை முழு வரியாக எழுதிக் கொடுத்தனுப்புவார். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் தந்தியில் இது பெரிய மிச்சம். அனுப்புகிறவருக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. எண் மாறிப்போய், தாலி கட்டி முடித்த கையோடு பிள்ளை பிறந்ததற்கு வாழ்த்து வந்து சேர்ந்த ஜோக்கை வீட்டுப் பெரியவர்கள் சொல்லிப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

2013 ஜூலையில் தந்தி சேவை நின்றது. பட்டியல் மட்டும் வேறு வேடத்தில் தொடர்கிறது. இன்று வாட்ஸப்பில் ஒரு கடைக்கு 'ஹாய்' என்று அனுப்பினால் உடனே ஒரு வணக்கமும் அதன் கீழ் மூன்று பொத்தான்களும் வருகின்றன. விலைப் பட்டியல், டெலிவரி நிலவரம், கடை முகவரி. நாம் ஒன்றை அமுக்குகிறோம். நம் பெயரில், நாம் தட்டச்சு செய்யாத ஒரு வாக்கியம் போகிறது.

பதில் சொல்வதை எளிதாக்கினால் பதில் வரும் என்பது வியாபாரிகளுக்கு எப்போதோ தெரிந்த விஷயம். 1879இல் இந்தியாவில் காலணாவுக்குத் தபால் கார்டு வந்தது. பிறகு ரிப்ளை கார்டு: ஒட்டியிருக்கும் இரண்டு கார்டுகள், ஒன்று நம் செய்திக்கு, மற்றது அவர் பதிலுக்கு. பதிலுக்கான காசையும் அனுப்புகிறவரே கட்டிவிடுவார். 'தபால் தலை ஒட்டத் தேவையில்லை' என்று அச்சிட்ட விளம்பர அட்டைகளும் இதே யோசனைதான். 1963இல் அமெரிக்காவில் பெல் நிறுவனம் சுழற்றும் டயலுக்குப் பதிலாகப் பொத்தான் வைத்த தொலைபேசியைக் கொண்டுவந்தது. அது நம்மூருக்கு வந்து 'தமிழுக்கு எண் ஒன்றை அழுத்தவும்' ஆன கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் குரலிடம் பொறுமை இழக்காதவர் யாராவது இருந்தால் அவரைத் தனியாகச் சந்திக்க விரும்புகிறேன்.

அரட்டைச் செயலிகளுக்குள் பொத்தான் நுழைந்த வருடம் என்று 2016ஐச் சொல்லலாம். அந்த ஏப்ரலில் ஃபேஸ்புக் மெசஞ்சர் பாட்களுக்குக் கதவைத் திறந்தது. டெலிகிராமும் அதே மாதம் செய்திக்குக் கீழேயே பொத்தான் வைக்க வழிசெய்தது. வாட்ஸப் 2018இல் வியாபாரிகளுக்குத் தனிச் செயலியைத் தந்தது, பொத்தான்கள் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தன. 2023 மே மாதம் சென்னை மெட்ரோ டிக்கெட்டையே வாட்ஸப்பில் எடுக்க முடிந்தது. 2025 ஜனவரியில் ஆந்திர அரசு 'மன மித்ரா' என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸப்புக்குள் கொண்டுவந்தது; கோயில் சேவைகளும் அதில் உண்டு.

இந்த அவசரத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வாட்ஸப் விதிப்படி, வாடிக்கையாளர் கடைசியாகச் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரம்தான் ஒரு நிறுவனம் அவரோடு இஷ்டப்படி பேசலாம். அதற்குப் பிறகு, முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வாசகங்களை மட்டுமே அனுப்ப முடியும். பொத்தானை அமுக்குவதும் செய்தி அனுப்பியதாகவே கணக்கு. அதாவது 'இப்போது வேண்டாம்' என்ற பொத்தானை நீங்கள் அமுக்கினாலும் அந்த 24 மணி நேர ஜன்னல் திறந்துகொள்கிறது. எங்கள் தொழிலில் 'என்கேஜ்மென்ட்' என்று கொண்டாடப்படும் எண்ணிக்கையில் இப்படி வந்த 'வேண்டாம்'களும் கலந்திருக்கும்.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை பக்கம் சின்ன விடுதி நடத்தும் நண்பர் ஒருவருக்கு இந்த உரையாடலை அமைத்துக் கொடுத்தேன். ஒரு செய்தியில் மூன்று பொத்தான்தான் வைக்கலாம். ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஆகவே தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் என்று கேட்டதுமே முதல் செய்தி தீர்ந்துபோனது. அடுத்ததில் அறை, வாடகை, வழி. ஆனால் ஜனங்கள் பொத்தானுக்கு மேலே விரலைக் கொண்டுபோய் மைக்கை அமுக்குகிறார்கள். "அம்மாவுக்கு முட்டி வலிங்க, மாடி ஏற முடியாது. கிரிவலம் முடிச்சு விடியக்காலம் நாலு மணிக்கு வருவோம், கீழ் ரூம் இருக்குமா? வெந்நீர் வருமா?" 14 கிலோமீட்டர் நடந்துவிட்டு வருகிற குடும்பத்துக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. அது எங்கள் மூன்றில் எதிலும் இல்லை.

சரி, அதையே பொத்தானாக்கலாம் என்று 'தரைத்தள அறை கிடைக்குமா' என்று எழுதினேன். ஏற்கவில்லை. பொத்தானுக்கு 20 எழுத்துதான் வரம்பு. தமிழ்க் கணக்கில் அதில் 12 எழுத்துதான், இடைவெளி சேர்த்தால் 14. ஆனால் யூனிகோடில் 'கி' என்பது க ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு. புள்ளியும் துணைக்காலும் தனித்தனி. மொத்தம் 22. இதே விஷயம் ஆங்கிலத்தில் 'கிரவுண்ட் ஃப்ளோர் ரூம்' என்று 17இல் அடங்கிவிடுகிறது. 'கிடைக்குமா'வை வெட்டினால் தமிழிலும் அடங்கும், ஆனால் அதோடு அந்தக் கேள்வித் தொனி போய்விடுகிறது. தந்திப் பட்டியலிலும் நம்மூர்க் கல்யாணத்துக்கு இங்கிலீஷ் வரிதான் இருந்தது. வரம்பைப் போடுகிறவர் தன் மொழியில் எண்ணிப் பார்த்துத்தான் போடுகிறார்.

பட்டியலே கூடாது என்று சொல்ல வரவில்லை. அண்ணாமலையார் சன்னதியில் தட்டை நீட்டினால் குருக்கள் கேட்பதும் பட்டியல்தான்: பெயர், நட்சத்திரம், கோத்திரம். நட்சத்திரம் 27, அதற்குள் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கூட்டம் நகர அந்த ஒழுங்கு தேவை. ஆனால் நட்சத்திரம் தெரியாமல் திருதிருவென்று விழிக்கும் ஆளை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சொந்தமாய்ச் சொல்ல எதுவும் இல்லாதவருக்கும் அர்ச்சனை நடந்துவிடும். நான் பார்த்த வியாபார பாட்களில் பெரும்பாலானவற்றில் இந்த வழி கிடையாது. புரியாததைச் சொன்னால் அதே மூன்று பொத்தான்களை மறுபடி நீட்டும்.

நண்பரின் விடுதிக்கு 'வழி'யை எடுத்துவிட்டு மூன்றாவது பொத்தானாக 'பேசணும்' என்று வைத்தேன். ஏழே குறிகள், தாராளமாக அடங்குகிறது. அமுக்கினால் அவர் போனுக்கே தகவல் போகும், அவர் கூப்பிட்டுப் பேசுவார். சாதாரண நாளில் பிரச்சினை இல்லை. பௌர்ணமி ராத்திரி மனிதர் தூங்க முடியவில்லை. "அன்னைக்கு மட்டும் அந்தப் பட்டனை மறைச்சுடலாமா தம்பி?" என்று போன வாரம் கேட்டார். மறைக்கலாம், ஒரு வரி மாற்றம்தான். முட்டி வலிக்காரர்கள் வருவதும் அன்றைக்குத்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.