மக்கள் பூங்காவும் மாணவர் விடுதியும்

கல்விச்சாலை தோன்றும் ஊரில் வாடகை வழக்கும் உடன் தோன்றுகிறது. இஃது இன்று நேற்று ஏற்பட்டதன்று. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகரத்தாருக்கும் அங்குப் பயில வந்தோருக்கும் 1209-இல் பகை மூண்டது. மாணாக்கர் சிலர் தூக்கிலிடப்பட்டனர். ஏனையோரில் பலர் ஊரை விட்டு வெளியேறினர். 1214-இல் போப்பாண்டவரின் தூதர் ஒருவர் சமரசம் செய்து வைத்தார். மாணாக்கருக்கு முன்பு வாடகைக்கு விட்டிருந்த வீடுகளுக்கு, அடுத்த பத்து ஆண்டுகளுக்குப் பாதி வாடகையே பெறவேண்டும் என்பது அந்த உடன்பாட்டின் நிபந்தனைகளுள் ஒன்று. எண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், வந்தவருக்கும் இருந்தவருக்கும் இடையே எழும் இவ்வழக்கு ஓய்ந்துவிடவில்லை. அது நம் காலத்தில் எவ்வுருவம் கொண்டது என்பதை அமெரிக்காவிலுள்ள ஒரு சிறு மனையின் வரலாற்றைக் கொண்டு நாம் ஆராய்வோம்.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கீழ்க்கரையில் உள்ளது பெர்க்லி நகரம். 1868-இல் நிறுவப்பெற்ற கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1873 முதல் அங்கே இயங்கி வருகிறது. தமிழருக்கு அது முற்றிலும் அயலான இடமன்று. தமிழ் செம்மொழியே என்று 2000-ஆம் ஆண்டில் அறிக்கை எழுதிய ஜார்ஜ் ஹார்ட் அவர்கள் அங்கேதான் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார்.

அந்நகருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. ஒரு மனைக்கு ஒரு குடும்ப வீடுதான் இருக்கலாம் என்று வட்டாரம் பிரித்து விதி செய்த முதல் நகரங்களுள் அது ஒன்று. 1916-இல் எல்ம்வுட் என்னும் பகுதிக்காக அவ்விதி செய்யப்பட்டது. அமைதியான குடியிருப்பைக் காப்பது அதன் வெளிப்படையான நோக்கம். வேற்றினத்தாரையும் வாடகைக் குடியினரையும் விலக்கி வைக்கவும் அது பயன்பட்டது என்பதை நகர மன்றமே 2021-இல் ஒப்புக்கொண்டு, அவ்விதியை நீக்கும் எண்ணத்தைத் தீர்மானமாக வெளியிட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல்கலைக்கழகத்தில் மாணவர் தொகை பெருகியது. விடுதிகளோ அதற்கேற்பப் பெருகவில்லை. 1956-இல் வகுக்கப்பெற்ற வளர்ச்சித் திட்டம், வளாகத்திற்குத் தெற்கே டெலிகிராப் சாலையை அடுத்துள்ள ஏறத்தாழ 2.8 ஏக்கர் நிலத்தை எதிர்காலத் தேவைக்காகக் குறித்து வைத்தது. 1967-இல் 13 லட்சம் டாலர் ஒதுக்கி, பல்கலைக்கழகம் அந்நிலத்தைச் சட்டப்படி கையகப்படுத்தியது. அங்கிருந்த பழைய மரவீடுகளில் பெரும்பாலும் குறைந்த வாடகையில் மாணவரும் பிறரும் வாழ்ந்துவந்தனர். 1968-இல் அவ்வீடுகள் இடிக்கப்பட்டன.

இடித்த கை உடனே கட்டவில்லை. பணம் போதவில்லை. வீடுகள் இருந்த இடம் ஓராண்டுக்கு மேலாகச் சேறும் குப்பையுமாகக் கிடந்தது; வண்டிகளை நிறுத்த அதைப் பயன்படுத்தினர். இதைக் கண்டு பொறாத அக்கம்பக்கத்தாரும் மாணவரும் 1969 ஏப்ரல் 20-ஆம் நாள் மண்வெட்டியும் மரக்கன்றுமாகத் திரண்டு அவ்விடத்தைப் பூங்காவாக்கினர். 'மக்கள் பூங்கா' என்று அதற்குப் பெயரிட்டனர்.

மே 15-ஆம் நாள் விடியற்காலையில் போலீசார் வந்து பூங்காவைச் சுற்றி வேலியிடச் செய்தனர். நண்பகலில் ஊர்வலம் புறப்பட்டது, கலகம் மூண்டது, துப்பாக்கிகள் வெடித்தன. கூரை மேலிருந்த ஜேம்ஸ் ரெக்டர் என்னும் இளைஞர் குண்டடிபட்டுச் சில நாட்களில் உயிர் துறந்தார். ஆலன் பிளான்சர்டு என்னும் தச்சர் கண்ணொளி இழந்தார். அப்போது கவர்னராக இருந்த ரொனால்டு ரீகன் தேசியக் காவற்படையை நகருக்குள் அனுப்பினார். மே 20-ஆம் நாள் ஹெலிகாப்டரிலிருந்து வளாகத்தின் மீது கண்ணீர்ப்புகை பொழியப்பட்டது. மாத இறுதியில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் அமைதியாக ஊர்வலம் சென்றனர். காலப்போக்கில் பூங்கா மக்களின் வசமாயிற்று. நிலத்தின் உரிமையோ பல்கலைக்கழகத்திடமே இருந்தது.

பின்னர் ஐம்பது ஆண்டுகள் இந்த இருமை நீடித்தது. மரங்கள் வளர்ந்தன. ஏழைகளுக்கு அங்கே இலவச உணவு வழங்கப்பட்டது. வீடற்றோர் அங்கே படுத்துறங்கினர். குற்றங்களும் நிகழ்ந்தன. 1991-இல் பல்கலைக்கழகம் கைப்பந்து ஆடுகளம் அமைத்தபோது மீண்டும் கலகம் எழுந்தது. சில ஆண்டுகளில் அக்களம் அகற்றப்பட்டது. இதற்கிடையே ஊரில் வாடகை உயர்ந்துகொண்டே சென்றது. மாணவரில் நாலில் ஒரு பங்கினருக்குக்கூடப் பல்கலைக்கழகத்தால் உறைவிடம் தர இயலவில்லை.

2021-இல் புதிய திட்டம் ஒன்று ஒப்புதல் பெற்றது. சுமார் 1,100 மாணவர்க்கு விடுதி, வீடற்றோராக இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர்க்குத் தனி இல்லங்கள், எஞ்சிய நிலத்தில் பூங்காவும் நினைவுச் சின்னமும் என்பது அத்திட்டம். அண்டை வீட்டார் சங்கமும் பூங்கா ஆர்வலரும் வழக்குத் தொடுத்தனர். அவர்கள் கைக்கொண்ட கருவி 1970-ஆம் ஆண்டின் கலிபோர்னியாச் சுற்றுச்சூழல் சட்டம். பூங்காவுக்கு எதிராகப் படையனுப்பிய அதே ரீகன் கையொப்பமிட்டுப் பிறந்த சட்டம் அது!

2023 பிப்ரவரியில் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. மாணவர் விருந்துகளால் எழக்கூடிய இரைச்சலைப் பல்கலைக்கழகம் தன் சூழல் அறிக்கையில் ஆராயவில்லை. வேறு இடங்களையும் போதிய அளவு கருதிப் பார்க்கவில்லை. ஆகவே அறிக்கை குறையுடையது என்பது தீர்ப்பின் சாரம்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அண்டை வீட்டாரின் முறையீடு பொய்யன்று. நள்ளிரவுக் கூச்சலால் உறக்கம் இழந்தோர் அவ்வூரில் உண்மையாகவே இருந்தனர். உறைவிடம் அமைக்காமல் மாணவரை மேன்மேலும் சேர்த்துக்கொண்ட பல்கலைக்கழகமும் குற்றமற்றதன்று. ஆயினும் ஆலைப் புகையையும் சாக்கடை நீரையும் அளந்து வந்த சட்டம், இனி வரப்போகும் மனிதரின் குரலையும் மாசுக் கணக்கில் சேர்க்கலாமா? கூச்சலிட்டவனைத் தண்டிப்பது முறை. இன்ன கூட்டத்தார் கூச்சலிடுவர் என்று முன்கூட்டியே கருதி வீட்டை மறுப்பது வேறு. முதலாவது செயலைப் பற்றியது. இரண்டாவது ஆளைப் பற்றியது. வேற்று மாநிலத்தில் வாடகை வீடு தேடி, ஊரும் மொழியும் சமையலும் விசாரிக்கப்பட்டுத் திரும்பிய நம்மவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

மாநிலச் சட்டசபை விரைந்து செயற்பட்டது. குடியிருப்புத் திட்டங்களில் குடியிருப்போரும் அவர்தம் விருந்தினரும் எழுப்பும் ஓசையைச் சூழற்கேடாகக் கொள்ளலாகாது என்று 2023 செப்டம்பரில் சட்டம் ஆயிற்று. 2024 ஜனவரியில் பூங்காவைச் சுற்றிக் கப்பற்சரக்குப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு மதில் எழுந்தது. ஜூன் 6-ஆம் நாள் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பல்கலைக்கழகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே கட்டட வேலை தொடங்கிற்று. 1956-இல் குறிக்கப்பட்ட நிலத்தில் விடுதி எழ அறுபத்தெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

பூங்காவை இழந்தோரின் துயரத்தை நாம் எளிதாக எண்ணவில்லை. நட்டு வளர்த்த மரம் வெட்டப்படுவதைக் காண்பது கொடிது. ஆனால் அத்துயரத்தின் வேர் 1968-இல் இருக்கிறது. கட்டப் பணமின்றிக் குடியிருந்த வீடுகளை இடித்த அன்றே இவ்வழக்கு தொடங்கிவிட்டது. மாணவரைச் சேர்க்குமுன் படுக்கையை எண்ணிப் பார்த்திருந்தால், இடிக்குமுன் கட்டும் வகையை ஆய்ந்திருந்தால், வழக்கின் பெரும்பகுதி எழுந்தேயிராது.

இன்னொரு செய்தியும் கருதத்தக்கது. ஒரு தெருவில் விடுதி வரலாமா என்று முடிவு செய்யும் மன்றத்திற்கு அத்தெருவினர் வருவர். தம் குறையைச் சொல்லுவர். அவர்களுக்கு வாக்கும் உண்டு. அவ்விடுதியில் நாளை தங்கப்போகும் மாணவன் அன்று எங்கோ ஒரு தூர ஊரில் பள்ளிப் பாடம் படித்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அம்மன்றத்தில் நாற்காலி இல்லை. தில்லியாயினும் பம்பாயாயினும் பெங்களூராயினும், பயில வரும் பிள்ளைகளுக்கு இடம் தருவது பற்றி நம் குடியிருப்புச் சங்கங்களில் பேச்சு எழும்போது, அங்கே வரமுடியாத அவனுக்காகவும் ஒருவர் எழுந்து பேச வேண்டும். அப்பேச்சைத் தொடங்குவதற்கு, முன்னொரு நாள் நாமும் பெட்டியும் கையுமாக வந்து இறங்கியவர்களே என்ற நினைவு ஒன்று போதும்.