நல்ல கண்டிஷன் சார்!

செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கிய அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பித்திருக்க முடியாது.

'ஒரே ஓனர் சார். டாக்டர் வண்டி. வீட்டுக்கும் கிளினிக்குக்கும்தான் ஓடியிருக்கு. இன்ஜின்ல கையே வெக்கல. நல்ல கண்டிஷன்!'

தமிழ்நாட்டிலுள்ள அத்தனை பழைய வண்டிகளையும் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள் என்பது ஓர் ஆச்சரியம். போகட்டும். இதைக் கேட்டதும் உடனே பணத்தை எடுத்து நீட்டிவிடுவீர்களா? மாட்டீர்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போவீர்கள். அவர் பானெட்டைத் திறப்பார். ஆயில் ஸ்டிக்கை உருவி, விரலில் தேய்த்துப் பார்ப்பார். ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, புகை என்ன நிறத்தில் வருகிறது என்று பின்னால் போய் நிற்பார். குனிந்து சேஸிஸில் வெல்டிங் வைத்த தழும்பு தெரிகிறதா என்று டார்ச் அடிப்பார். ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து, விற்பவருக்குத் தெரியாமல் உங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். அல்லது லேசாகத் தலையாட்டுவார். அட்வான்ஸ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஒரு வண்டிக்கே இவ்வளவு. இரண்டாயிரம் வண்டி வாங்குவதாக இருந்தால்?

1948-ல் இந்திய அரசு அப்படி ஓர் ஆர்டர் கொடுத்தது. இரண்டாயிரம் ஜீப்கள். எல்லாமே பழசு. வெளிநாட்டுச் சரக்கு. மெக்கானிக்கின் தலையாட்டலுக்குக் காத்திருக்கத்தான் நேரமில்லாமல் போய்விட்டது. சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் விவகாரம் என்று இன்றைக்கும் பட்டியல் போடுகிறவர்கள் ஆரம்பிப்பது இங்கிருந்துதான்.

முதலில் ஜீப்பின் ஜாதகத்தைப் பார்த்துவிடலாம்.

1940-ல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. எடை குறைவாக இருக்கவேண்டும், நான்கு சக்கரமும் இழுக்கவேண்டும், சேறு, மணல், மலை எதற்கும் அசரக்கூடாது. இப்படி ஒரு வண்டி வேண்டும், அதுவும் உடனே! முதல் மாடலைச் செய்து காட்ட 49 நாள்தான் அவகாசம். பென்சில்வேனியாவில் பான்டம் என்றொரு சின்ன கம்பெனி அந்தக் கெடுவுக்குள் செய்து கொடுத்துவிட்டது. ஆனால் பான்டத்தின் தொழிற்சாலை சிறியது. அதனால் பெரிய ஆர்டர்கள் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கும் அதிகமான ஜீப்கள் தயாராகிவிட்டன.

1945-ல் போர் முடிந்தது. அத்தனை ஜீப்களையும் என்ன செய்வது? கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பினால் வண்டியின் விலையைவிடச் செலவு அதிகமாகும். விற்றார்கள். விட்டுவிட்டும் போனார்கள். பிலிப்பைன்ஸ்காரர்கள் பழைய ஜீப்களின் பின்பக்கத்தை நீட்டி, பெஞ்ச் போட்டு, கூரை கட்டி, பளபளவென்று வண்ணமடித்து ஷேர் வண்டியாக ஓட்டினார்கள். ஜீப்னி பிறந்த கதை அதுதான்.

இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் தலைமை டிசைனர் மாரிஸ் வில்க்ஸிடமும் ஒரு பழைய ஜீப் இருந்தது. வேல்ஸ் பக்கம் ஆங்கில்ஸி தீவிலிருந்த தன் பண்ணையில் அதை வைத்து மாடாக உழைத்துக்கொண்டிருந்தார். ஜீப் நல்ல வேலைக்காரன்தான். ஆனால் ரிப்பேர் வந்தால் ஸ்பேர் பார்ட்ஸுக்குத் திண்டாட்டம். 'நாமே ஒன்று செய்தால் என்ன?' என்று யோசித்தார். முதல் மாதிரியை ஜீப்பின் சேஸிஸ் மீதே கட்டினார்கள். 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் லேண்ட் ரோவர் என்ற பெயரில் அது மேடையேறியது.

ஆக, பழைய ஜீப் என்பது கேவலமான சரக்கு இல்லை. அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அது வாழ்வு கொடுத்தது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது லண்டனில் இந்திய ஹை கமிஷனர் அலுவலகத்துக்குப் போவோம். அங்கே வி.கே. கிருஷ்ண மேனன். மகா புத்திசாலி. முன்கோபி. பெலிகன் புத்தக வரிசைக்கு ஆரம்பத்தில் ஆசிரியராக இருந்தவர். நேருவின் நெருங்கிய நண்பர். 1947 அக்டோபரில் காஷ்மீரில் சண்டை ஆரம்பித்துவிட்டது. மலைப்பாதையில் சிப்பாயையும் குண்டுகளையும் ஏற்றிப்போக ஜீப் வேண்டும். தில்லி அவசரப்படுத்துகிறது.

புது ஜீப் வாங்கக்கூடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. புது ஜீப் அமெரிக்காவில் இருக்கிறது. அமெரிக்காவில் வாங்க டாலர் வேண்டும். நம்மிடம் இருந்தது பவுண்டு. உலகப்போரில் பிரிட்டன் நம்மிடம் வாங்கிய சரக்குக்கும் சேவைக்குமாகச் சேர்ந்த கடன் 100 கோடி பவுண்டுக்கு மேல் லண்டனில் கிடந்தது. டாலருக்கோ பஞ்சம். எனவே பவுண்டைக் கொடுத்து, ஐரோப்பாவில் கிடைக்கும் பழைய ஜீப்பைப் புதுப்பித்து வாங்குவது ஒன்றும் முட்டாள்தனமான யோசனை இல்லை.

கோளாறு அடுத்த கட்டத்தில் வந்தது.

மேனன் வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி ஒரு கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டார். ஆன்ட்டி மிஸ்டான்டிஸ் என்று அதற்குப் பெயர். புதுப்பித்த ஜீப்கள் இரண்டாயிரம். ஒன்று 300 பவுண்டு. அன்றைக்கு ஒரு பவுண்டு என்பது சுமார் பதின்மூன்றே கால் ரூபாய். மொத்தம் 6 லட்சம் பவுண்டு, அதாவது 80 லட்ச ரூபாய். காமர்ஸ் படித்தவன் என்பதால் என் கண் அடுத்த வரியில்தான் போய் நின்றது. அந்தக் கம்பெனியின் மூலதனம் எவ்வளவு தெரியுமா?

605 பவுண்டு.

தான் விற்கும் சரக்கிலேயே இரண்டு ஜீப் வாங்கினால், கல்லாவில் 5 பவுண்டுதான் மிஞ்சும். அவரிடம் இரண்டாயிரம் ஜீப்புக்கு ஆர்டர். பணம் கொடுக்கும் விதத்தையும் பாருங்கள். 65 சதவிகிதத்துக்குப் பரிசோதனைச் சான்றிதழ் தேவையில்லை. 20 சதவிகிதம் டெலிவரியின்போது. மீதி 15 சதவிகிதம் ஒரு மாதம் கழித்து.

'புதுப்பித்தது' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்ஜினைக் கழற்றி, போர் போட்டு, பிஸ்டன் ரிங் மாற்றி, கியர் பாக்ஸைத் திறந்து பல் பார்த்து, தேய்ந்த புஷ்ஷையெல்லாம் தூக்கிப்போட்டு மாற்றினாலும் 'புதுப்பித்தது'தான். மேலாக ஒரு கோட்டிங் ராணுவப் பச்சை அடித்தாலும் 'புதுப்பித்தது'தான். காகிதத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. வித்தியாசம் தெரியவேண்டுமானால் யாராவது ஒருவர் பானெட்டைத் திறந்தாகவேண்டும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். சரி. ஆனால் இது காசு கொடுத்து வாங்கிய மாடாயிற்றே?

வந்து இறங்கியவை 155 ஜீப்கள். அவையும் உபயோகத்துக்கு லாயக்கில்லை என்று ராணுவ அதிகாரிகள் கையை விரித்துவிட்டார்கள். அத்தோடு சப்ளை நின்றது. இரண்டாயிரம் ஜீப் வந்து சேரவில்லை. 1949 ஜனவரி 1 அன்று காஷ்மீரில் போர்நிறுத்தம் மட்டும் வந்து சேர்ந்தது.

கதை முடிந்ததா? ம்ஹூம். விட்ட காசைப் பிடிக்க இன்னொரு ஒப்பந்தம். இந்த முறை எஸ்.சி.கே. ஏஜென்சீஸ். 1,007 ஜீப்கள். மாதத்துக்கு 68 வீதம். பழைய நஷ்டத்துக்கும் இவர்களே ஈடு கட்டுவார்கள் என்று ஏற்பாடு. ஊரான் பட்ட நஷ்டத்தை ஒருவன் எதற்கு ஏற்கிறான்? விலையைப் பாருங்கள். ஒரு ஜீப் 458 பவுண்டுக்கு மேல்! நஷ்ட ஈட்டை நம் பணத்திலேயே நமக்குக் கொடுக்கும் திட்டம். அதுவும் நடக்கவில்லை. இரண்டு வருடத்தில் வந்தவை 49 ஜீப்கள். நஷ்ட ஈடு வரவே இல்லை.

நாடாளுமன்றத்தில் புயல் அடித்தது. பொதுக் கணக்குக் குழு கிழித்துத் தோரணம் கட்டியது. பின்னாளில் மக்களவை சபாநாயகரான அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. நீதி விசாரணை வேண்டும் என்று குரல் எழுந்தது. கடைசியில் 1955 செப்டம்பர் 30 அன்று உள்துறை அமைச்சர் கோவிந்த் வல்லப் பந்த் எழுந்து, அரசைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது, திருப்தியில்லாத எதிர்க்கட்சிகள் இதைத் தேர்தல் பிரச்னையாக்கிக் கொள்ளலாம் என்று சொல்லி ஃபைலை மூடினார். 1956 பிப்ரவரியில் மேனன் மத்திய அமைச்சர். 1957-ல் எந்தத் துறை தெரியுமா? ஜீப் வாங்கும் அதே பாதுகாப்புத் துறை. 1962-ல் சீனப் போரில் அடி வாங்கிய பிறகுதான் பதவி போனது.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்தப் பணத்தில் ஒரு பைசாவைக்கூட மேனன் தன் பையில் போட்டுக்கொண்டதாக நிரூபணம் ஆகவில்லை. எளிமையாக வாழ்ந்த மனிதர், டீ குடித்தே காலம் தள்ளியவர் என்றுதான் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இருக்கட்டும். வாங்கியவர் யோக்கியரா என்ற கேள்விக்கு அது பதில். வண்டி ஓடுமா என்பது வேறு கேள்வி. நேரு தன் நண்பரை நம்பினார். நண்பர் கம்பெனியை நம்பினார். கம்பெனி காகிதத்தை நீட்டியது. இத்தனை நம்பிக்கைக்கு நடுவே, கையில் கிரீஸோடு இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒருவர்கூட நிற்கவில்லை.

பழைய வண்டியின் நிஜமான கண்டிஷன் விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. இந்த ஒற்றை வரி சமாசாரத்தை வைத்து 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. நான்காவது வெளியிட்டது. 2001-ல் பொருளாதார நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அவர் கண்டுபிடித்ததை நம் ஊர் மாட்டுச் சந்தையில் தாத்தாக்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசிய காலத்திலேயே அறிந்திருந்தார்கள். பேச்சு அப்புறம். முதலில் பல்லைக் காட்டு!

அடுத்த முறை யாராவது 'என்னை நம்ப மாட்டீங்களா சார்?' என்று கேட்டால் சங்கடப்படாதீர்கள். 'உங்களை நம்பறேன். வண்டியைப் பார்த்துட்டுச் சொல்றேன்' என்று சிரித்துக்கொண்டே பானெட்டைத் திறங்கள். இந்த ஒரு வாக்கியத்தை 1948-ல் லண்டனில் யாரும் சொல்லவில்லை.