காண்பதும் கொடுப்பதும்

ஹௌராவிலிருந்து சென்னை செல்லும் வண்டியில் ஏறும் நம் கரக்பூர் அன்பர்கள் புவனேசுவரத்தைக் கடந்தே தாயகம் செல்கின்றனர். அந்நகருக்குத் தெற்கே, தயா ஆற்றின் அருகே, தௌலி என்னும் குன்று உண்டு. மாமன்னர் அசோகர் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பொறிக்கச் செய்த சாசனங்கள் அங்குள்ள பாறையில் இருக்கின்றன. அவற்றுள் எட்டாவது சாசனம் ஓர் அரிய செய்தியைத் தருகிறது. முற்காலத்து மன்னர்கள் வேட்டைக்கும் கேளிக்கைக்கும் யாத்திரை சென்றனர் என்றும், தாம் முடிசூடிப் பத்தாண்டுகள் ஆனபின் அறயாத்திரை மேற்கொண்டதாகவும் மன்னர் அதில் கூறுகிறார். அந்த யாத்திரையின் கடமைகளுள் முதியோரைக் காண்பதும், அவர்களுக்குப் பொன் கொடுப்பதும் சொல்லப்படுகின்றன.

இவ்விரண்டும் தனித்தனியே கூறப்பட்டிருப்பது கருதத்தக்கது. பொன்னை ஓர் அதிகாரியிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். பேரரசருக்கு அஃது எளிது. ஆயினும் அச்சாசனத்தில் காண்பது முன்னும் கொடுப்பது பின்னும் நிற்கின்றன. முதியோர் இல்லங்களின் வரலாற்றை நோக்கினால், அவ்வரலாறு முழுவதும் இவ்விரு சொற்களுள் அடங்கிவிடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பிரான்சு நாட்டுக் கடற்கரை ஊர் ஒன்றில் ழான் ழூகான் என்னும் பணிப்பெண் வாழ்ந்தார். 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், கண்ணிழந்து உடல் முடங்கிய ஒரு கைம்பெண்ணைத் தம் வீட்டிற்குத் தூக்கிவந்து, தம் கட்டிலையே அவருக்குக் கொடுத்தார். உடன் வசித்த தோழியரும் துணை நின்றனர். நாளடைவில் வேறு மூதாட்டியரும் வந்து சேர்ந்தனர். அவர்களுட் சிலர் முன்பு வீடுவீடாகச் சென்று இரந்து உண்டவர்கள். அம்மையார் அவர்களுக்கு உதவி வந்தோரின் பெயர்களைக் கேட்டறிந்து, கூடையைக் கையிலேந்தி, அவர்களுக்குப் பதிலாகத் தாமே அந்த வீடுகளுக்குச் சென்றார். இதனால் முதியவரின் கால்களுக்கு ஓய்வு கிடைத்தது. ஊராருடைய தொடர்போ அறவில்லை. 1845இல் பிரெஞ்சு அகாதமி இவருக்குப் பரிசளித்துப் பாராட்டியது. இவர் தொடங்கிய ஏழைகளின் சிறு சகோதரிகள் சபையினர், இவர் மறைந்த மூன்றாம் ஆண்டாகிய 1882இல் கல்கத்தாவில் ஓர் இல்லம் திறந்தனர். நம் காலனியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள நகரம் அது.

நம் தமிழகத்திலும் இவ்வழியே நடந்தது. 'மண்டே சாரிட்டி கிளப்' என்ற பெயரில் தோழியருடன் கூடித் தொண்டு செய்துவந்த சாவித்திரி வைத்தி அம்மையார், 1978இல் சென்னையில் ஆதரவற்ற மூதாட்டியருக்காக 'விச்ராந்தி' இல்லத்தை நிறுவினார். அதே ஆண்டில் 'ஹெல்ப்பேஜ் இந்தியா' அமைப்பும் தோன்றியது. பின்னர், பணம் செலுத்தி, உணவும் மருத்துவமும் ஆள் துணையும் பெற்று வாழும் இல்லங்கள் கோவை முதலிய இடங்களில் பெருகின. நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்தினரின் பெற்றோர் இன்று பெரும்பாலும் சென்று சேர்வது இவற்றில்தான்.

நிற்க. 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். இவர்கள் நலத்தைக் கருதி 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் பராமரிப்புத் தொகை பெற அது வழிசெய்தது. முதியோரைக் கைவிட்டோருக்கு மூன்று மாதம் வரை சிறைத்தண்டனையும் விதித்தது. நல்ல சட்டம். ஆயினும், அது கொடுப்பதற்குக் கட்டளையிடலாம். காண்பதற்கு எந்தச் சட்டம் கட்டளையிட முடியும்? 2020ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது முதியோர் இல்லங்கள் பலவற்றின் கதவுகள் உறவினர்க்கு அடைக்கப்பட்டன. சோறும் மருந்தும் இருந்தும், காண்பார் இன்றி முதியோர் எவ்வளவு வாடினர் என்பதை அப்போது அனைவரும் உணர்ந்தோம்.

இதனை எழுதும் எனக்கு இவ்வுண்மை தாமதமாகவே விளங்கியது. என் தாயார் இடுப்பெலும்பு முறிந்தபின் தாயகத்தில் இத்தகைய இல்லம் ஒன்றில் இருக்கிறார். இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில், இரவுப் பணியும் உள்ள வீட்டில், அவரைத் தூக்கி நிறுத்த ஆளில்லை. அங்குச் சேர்த்ததைக் குற்றம் என்று யான் கருதவில்லை. மாதம் தவறாமல் பணம் அனுப்பினேன். அதனால் கடமை முடிந்தது என்று எண்ணினேன். அதுவே குற்றம். ஓராண்டு முழுவதும் பாஸ் கைவசம் இருந்தும், லீவு கேட்காமலே காலம் கடத்தினேன். பாஸ் காலாவதியாயிற்று.

அவ்வாண்டில் தாயார் சரியாக உண்பதில்லை என்று தொலைபேசியில் தெரிவித்தனர். முதுமையின் இயல்பு என்று யானும் இருந்துவிட்டேன். அவ்வூரில் வாழும் என் பள்ளித் தோழர் ஒரு ஞாயிறன்று சிற்றுண்டி வேளையில் அங்குச் சென்றார். சிறு வயதில் எங்கள் வீட்டில் என் தாயார் கையால் அடை உண்டு வளர்ந்தவர் அவர். தமக்கு மிகவும் விருப்பமான அடையைத் தாயார் ஒதுக்கிவைத்ததைக் கண்டார். ஐயுற்று வாயைத் திறக்கச் சொன்னார். பல்செட்டு தளர்ந்து ஈறு புண்ணாகியிருந்தது. பிறருக்குத் தொல்லை வேண்டாம் என்று அம்மூதாட்டி வாய் திறக்கவில்லை. பல்மருத்துவர் அதனைச் சரிசெய்தார். சில நாட்களில் பழையபடி உண்ணத் தொடங்கினார். தோழர் கொடுத்தது ஒன்றுமில்லை. அவர் கண்டார்.

இல்லத்துப் பணியாளர்மீது குறை கூற யான் இதனை எழுதவில்லை. பலரைக் கவனிக்கும் ஆயாவுக்கு ஒருவர் அடை விரும்புவார் என்பது எங்ஙனம் தெரியும்? அதனைச் சொல்ல வேண்டியவர் உறவினரே. எந்த வேளையில் காபி, எப்பெயரால் அழைத்தால் மகிழ்ச்சி, எதற்கு அச்சம் என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தல் நலம். பணியாளரின் பெயரறிந்து நன்றியோடு பேசுதல் வேண்டும். செல்லும்போது உணவு வேளையில் செல்லுதல் வேண்டும். மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி, செருப்பு ஆகியவை பொருந்துகின்றனவா என்று நோக்குதல் வேண்டும். செல்ல இயலாத வாரத்தில், குறித்த நாளில் குறித்த மணிக்குத் தொலைபேசியில் பேசுதல் வேண்டும். அந்த மணிக்காக அவர்கள் காத்திருப்பார்கள்.

நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம்மில் பலருடைய பெற்றோர் தாயகத்தில் இத்தகைய இல்லங்களில் இருக்கின்றனர். சங்க அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைப்போம். எவருடைய பெற்றோர் எவ்வூரில் இருக்கின்றனர் என்று அதில் எழுதுவோம். லீவில் செல்பவர் அதனைப் பார்த்து, தம் வழியில் உள்ள ஒரு முதியவரைக் கண்டு, அரைமணி நேரம் அமர்ந்து பேசி, கண்டதை வந்து உரைக்கட்டும். என் தாயாரை உங்களில் ஒருவர் காண்பார். உங்கள் தந்தையாரை யான் காண்பேன். அவ்வாறே இப்பகுதியில் உள்ள இல்லங்களில் பேச்சுத்துணைக்குத் தமிழர் இன்றித் தனித்திருக்கும் நம்மவர் எவரேனும் உளரா என்று விசாரித்து, அவர்களையும் சென்று காண்போம்.

மாமன்னர் தம் யாத்திரையை மாற்றிக்கொண்டார். நம் கையிலுள்ள பாஸில் நாம் ஒரு முறை அவ்வாறு செல்லலாகாதா? இவ்வாண்டு என் பாஸ் காலாவதியாகாது.