உப்புச் சிமிழும் தேநீர்க் கோப்பையும்

இங்கிலாந்து நாட்டைக் காணச் செல்வோருக்கென எழுதப்படும் நூல்களில் உணவு மேசையைப் பற்றிய பகுதி ஒன்று தவறாது இடம் பெறும். முள்கரண்டி இடக்கையில், கத்தி வலக்கையில்! பிற்பகலில் தேநீர்! ஞாயிறு நண்பகலில் வாட்டிய மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும்! இவையெல்லாம் தொன்றுதொட்டு வந்த வழக்கங்கள் என்ற முத்திரையும் உடன் குத்தப்பட்டிருக்கும்.

தொன்றுதொட்டு என்ற சொல் கேட்டதும் தலை வணங்கிவிடும் பழக்கம் நமக்கில்லை. எந்த நாள் தொட்டு? யாருடைய நலன் தொட்டு? யாருடைய உழைப்பைத் தொட்டு? இவ்வாறு கேட்பதே நமது பழக்கம். கோயில் வாயிலில் நின்று கேட்ட கேள்வியை, கோமான் வீட்டு உணவு மேசை முன் நின்றும் கேட்போம். அங்கும் விடை உண்டு, வியப்பூட்டும் விடை!

இடைக்காலத்து இங்கிலாந்தில், பிரபுவின் மாளிகைக் கூடத்தில், மேடையிட்ட உயர்ந்த மேசையில் பிரபு அமர்வார். அவர் மேசையிலே வெள்ளியில் செய்த உப்புச் சிமிழ் பொலிவுடன் விளங்கும். அந்தச் சிமிழுக்கு மேற்புறம் அமர்பவன் மதிப்புக்குரியவன். கீழ்ப்புறம் அமர்பவன் தாழ்ந்தவன். உப்புக்கு மேல், உப்புக்குக் கீழ் என்ற பேச்சே ஆங்கில மொழியில் நிலைத்துவிட்டது. உண்டவர்க்கு முன்னே தட்டாக வைக்கப்பட்ட காய்ந்த ரொட்டித் துண்டு, குழம்பில் ஊறிய பின், வாயிலில் காத்து நின்ற ஏழைக்குப் பிச்சையாகச் சென்றது. ஒருவன் தட்டு, மற்றொருவன் உணவு!

பந்தியில் பிரித்தது போதாதென்று சட்டமும் பிரித்தது. 1363இல் மூன்றாம் எட்வர்டு மன்னன் காலத்தில் இயற்றப்பட்ட சட்டம், வேலைக்காரர்கள் நாளொன்றுக்கு ஒரே ஒரு வேளைதான் இறைச்சியோ மீனோ உண்ணலாம் என்று வரையறுத்தது. அந்தச் சட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. எனினும், அதை எழுதிய உள்ளம் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். பிறன் வயிற்றுக்கும் எல்லைக்கோடு கிழிக்கத் துணிந்த உள்ளம் அது!

மேசையின்மீது மொழி ஆதிக்கமும் ஏறி அமர்ந்தது. 1066இல் நார்மாண்டியின் கோமகன் வில்லியம் படையெடுத்து வென்றான். அரசவையின் மொழி பிரெஞ்சு ஆயிற்று. உழவனின் மொழி ஆங்கிலமாகவே இருந்தது. மேய்ந்து திரியும்போது அந்த விலங்கின் பெயர் கௌ. சமைத்த பின் பீஃப். கொட்டிலில் ஷீப், தட்டில் மட்டன். முன்னவை உழவனின் சொற்கள். பின்னவை பிரெஞ்சு மொழியின் வழி வந்தவை. இந்தப் பிரிவு ஒரே நாளில் ஏற்பட்டதன்று. ஆனால் வளர்த்தவன் மொழி கொட்டிலிலும் உண்டவன் மொழி கூடத்திலும் வாழ்ந்த நிலையை அச்சொற்கள் இன்றும் காட்டி நிற்கின்றன. 1362இல்தான் வழக்குமன்றங்களில் ஆங்கிலத்தில் வழக்குரைக்கச் சட்டம் பிறந்தது. தன் மொழிக்குத் தன் நாட்டிலேயே உரிமை தேட வேண்டியிருந்த இனம், பின்னாளில் உலகத்துக்கே அம்மொழியை ஊட்டியது!

முள்கரண்டியின் கதை சுவையானது. தாமஸ் கோரியட் என்ற பயணி, இத்தாலியில் மக்கள் முள்கரண்டி கொண்டு உண்பதைக் கண்டு, தாமும் அப்பழக்கத்தை மேற்கொண்டு, 1611இல் வெளியிட்ட நூலில் அதனை எழுதினார். ஆங்கிலேயர் எள்ளி நகையாடினர்; பட்டப்பெயர் சூட்டினர். கையால் உண்டவர்கள் முள்கரண்டியைக் கண்டு சிரித்தனர். பின்னர் அவர்கள் வழித்தோன்றல்கள் உலகெங்கும் சென்று, கையால் உண்பவரைக் கண்டு சிரித்தனர்! இதிலே எது நாகரிகம், எது அநாகரிகம்?

உணவு வேளையும் இப்படித்தான். பதினாறாம் நூற்றாண்டில் நாளின் பெரிய உணவு முற்பகல் 11 மணியளவில் நடந்தது. செல்வர்கள் அதனைச் சிறிது சிறிதாகத் தள்ளிக்கொண்டே போய், பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரவு 7 மணிக்கும் 8 மணிக்கும் கொண்டு சென்றனர். இடையில் பசித்தது, 1840 வாக்கில் பெட்ஃபோர்டு கோமகள் அன்னா பிற்பகலில் தேநீரும் ரொட்டியும் வரவழைத்து உண்டார் என்றும், தோழியரும் அதைப் பின்பற்றினர் என்றும் கூறுவர். சீமாட்டிக்குச் சிற்றுண்டியாக இருந்த தேநீர், ஆலையிலிருந்து களைத்து வந்த தொழிலாளிக்கு மாலை உணவே ஆயிற்று. வடபகுதித் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றில் நண்பகல் உணவே இன்றும் டின்னர். மாலை உணவின் பெயர் டீ!

அந்தத் தேயிலை ஆங்கில மண்ணில் முளைத்த பண்டமா? இல்லை. 1660இல் தேநீரை முதன்முதலாக அருந்தியதை சாமுவேல் பீப்ஸ் தம் நாட்குறிப்பில் பதிந்தார். 1784இல் தேயிலை வரி 119 விழுக்காட்டிலிருந்து பன்னிரண்டரை விழுக்காடாகக் குறைக்கப்பட்ட பின்னரே அது ஏழை வீட்டிலும் தாராளமாக நுழைந்தது. தேயிலை சீனத்திலிருந்து வந்தது. அதில் கலந்த சர்க்கரை, மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகளின் குருதியிலிருந்து வந்தது!

அக்கொடுமையை உணர்ந்தோர் ஆங்கிலேயரிடையே இருந்தனர் என்பதை மறைப்பது அறமன்று. 1791இல், அடிமை வாணிபத்தை ஒழிக்கும் தீர்மானத்தை நாடாளுமன்றம் தோற்கடித்தது. வில்லியம் ஃபாக்ஸ் ஒரு துண்டு நூல் எழுதி, அடிமைச் சர்க்கரையை விலக்குமாறு வேண்டினார். வாக்குரிமையற்ற பெண்கள், சமையலறையைப் போர்க்களமாக்கினர். ஏறத்தாழ 3 இலட்சம் பேர் சர்க்கரையைக் கைவிட்டதாகத் தாமஸ் கிளார்க்சன் மதிப்பிட்டார். 1824இல் லெஸ்டர் நகரத்து எலிசபெத் ஹெய்ரிக் அம்மையார், விடுதலை படிப்படியாக வேண்டாம், உடனே வேண்டும் என்று முழங்கினார். பொறுமையாயிருங்கள் என்று புத்தி கூறிய பெரியவர்களையும் எதிர்த்து நின்றார். 1831இல் மறைந்த அவர், 1833இல் வந்த அடிமை ஒழிப்புச் சட்டத்தைக் காணவில்லை. அந்தச் சட்டம் 2 கோடி பவுன் ஈட்டுத்தொகை வழங்கியது. யாருக்கு? உடைமை இழந்த எசமானர்களுக்கு! உழைத்த அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை.

தேயிலையின் கதையில் நம் இனத்தவரும் இருக்கின்றனர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கை மலையில் தேயிலைத் தோட்டம் அமைத்தார். காப்பிச் செடிகளை நோய் அழிக்க, மலையெங்கும் தேயிலை பரவியது. கொழுந்து கிள்ளியவை தமிழ்நாட்டு வறண்ட சீமைகளிலிருந்து சென்றோரின் விரல்கள். இலண்டன் கோப்பைகளை நிரப்பிய அம்மக்களில் பெரும்பாலோர், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஆங்கில மேசையில் நம் மிளகுத் தண்ணீர் மல்லிகட்டானி என்ற பெயரில் மதிப்புடன் வீற்றிருந்தது. நம் உணவுக்குக் கிடைத்த இருக்கை நம் மக்களுக்குக் கிடைக்கவில்லை!

இனி, ரொட்டி. 1815இல் நிலப்பிரபுக்கள் நிறைந்த நாடாளுமன்றம், உள்நாட்டுக் கோதுமையின் விலை குவார்ட்டர் ஒன்றுக்கு 80 ஷில்லிங்கை எட்டும்வரை வெளிநாட்டுக் கோதுமை உள்ளே வரலாகாது என்று சட்டம் செய்தது. நிலக்கிழாரின் பணப்பை நிறைய, நெசவாளியின் வயிறு காய வேண்டும்! ரிச்சர்டு காப்டனும் ஜான் பிரைட்டும் மான்செஸ்டரில் மூட்டிய கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. அயர்லாந்தைப் பஞ்சம் வாட்டிய 1846இல், பிரதமர் பீல் தம் கட்சி பிளவுபடுவதையும் பொருட்படுத்தாது அச்சட்டத்தை நீக்கினார்.

அதே காலத்தில் ஏழையர் விடுதிகளின் நிலை என்ன? 1845இல் ஆண்டோவர் விடுதியில், உரத்துக்காக எலும்பு நொறுக்கும் பணியில் விடப்பட்டோர், பசி தாளாது, அவ்வெலும்புகளில் ஒட்டியிருந்த அழுகிய சதைக்காகப் போட்டியிட்ட செய்தி வெளியாயிற்று. நாடு நாணித் தலை குனிந்தது, விசாரணை நடந்தது, 1847இல் அத்துறையின் ஆணையமே கலைக்கப்பட்டது. 1906இல், பள்ளிச் சிறுவர்க்கு உணவளிக்க உள்ளாட்சி மன்றங்களுக்குச் சட்டம் இடமளித்தது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்ற எளிய உண்மையை ஏற்க, அத்தனை காலம் ஆயிற்று!

1940இல் போர் நெருக்கடியால் பங்கீடு வந்தது. தேயிலை வாரத்துக்கு இரண்டு அவுன்சு. அரண்மனைக்கும் பங்கீட்டு அட்டை! உணவு விடுதியில் காசை வீசி விருந்துண்ட செல்வரைத் தடுக்க, 1942இல் ஒரு வேளை உணவுக்கு 5 ஷில்லிங் என்ற உச்ச வரம்பு விதிக்கப்பட்டது. 1954இல் பங்கீடு முடிந்தது. பகிர்ந்துண்ண முடியும் என்பதை அந்த 14 ஆண்டுகள் மெய்ப்பித்தன. இன்று அந்நாட்டில் உணவு வங்கிகளின் முன் ஏழையர் காத்து நிற்பதைக் காணும்போது, அந்தப் பாடம் முழுதும் பதியவில்லை என்பதும் தெரிகிறது.

ஆகவே, அந்நாடு செல்லும் நண்பர்களுக்கு நாம் கூறுவது இது: முள்கரண்டியைப் பிடியுங்கள், தேநீரைப் பருகுங்கள், விருந்தோம்புவோரை மதியுங்கள். ஆனால் எந்த வழக்கமும் வானிலிருந்து இறங்கியதன்று. மனிதன் வகுத்தது, மனிதன் மாற்றியது என்பதை மறவாதீர்கள். பழக்கம் என்ற பெயரால் பந்தியில் பிரிவினை வைத்தவர்கள் அங்கும் இருந்தனர். கேள்வி கேட்டவர்களும், சர்க்கரையை மறுத்தவர்களும், ரொட்டிக்குப் போராடியவர்களும் எழுந்ததால்தான் அது மாறியது.

உப்புச் சிமிழ் இன்றும் மேசைமீது இருக்கிறது. இப்போது அது யாரையும் பிரிப்பதில்லை. கேட்டவர்க்குக் கை மாற்றித் தரப்படுகிறது. உப்பு மாறவில்லை, மனிதன் மாறினான்!